ஹாஜியார் வீட்டுக் கதவுக்குக் கலந்த நிறம்

கடை வாசலில் புதிதாக ஓர் அட்டை தொங்குகிறது. கம்பெனிக்காரன் அனுப்பியது. கட்டம் கட்டமாக நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நம்பர். வருகிறவர் விரலை வைத்து நம்பரைச் சொன்னால் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடலாம். அரைக்க வேண்டாம், கலக்க வேண்டாம், காயப்போட்டுப் பார்க்க வேண்டாம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் சாயங்காலத்தில் கடைப்பக்கம் போய்க் கொஞ்சநேரம் முக்காலியில் உட்காருவது என் வழக்கம். போனவாரம் போனபோது, அந்த அட்டையைப் பிடித்திருந்த மரச்சட்டத்தை லேசாக நெம்பி, அடியில் மறைந்திருந்த விளிம்பைப் பார்த்தேன். கடைப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா பெரியவரே, பூரான் கீரான் பூந்துக்கிச்சா?" என்றான் ஒருவன்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. அட்டையை வெயில் படுகிற இடத்தில் மாட்டிய மகராசன் யார் என்று கேட்டேன். பேச்சு வளர்ந்தது. இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற சின்னச் செட்டியார்தான் நடுவில் வந்து, எந்த மாதிரியைக் கண்டாலும் அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறீர்களே, அது எதற்கு என்று எழுதிக் கொடுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்றார். அவர் மரியாதையாகக் கேட்டதால் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் கேட்டிருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

என் பெயர் முனுசாமி. குடியாத்தத்துக்காரன். எங்கள் வீட்டில் லுங்கி நூலுக்குச் சாயம் தோய்க்கிற தொழில். அண்ணனோடு ஒத்துப்போகாமல் கோபித்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்து, பஜாரில் பெரிய செட்டியார் கடையில் சேர்ந்தேன். ஆணி, தாழ்ப்பாள், பூட்டு, கயிறு, அதோடு பெயிண்டும் விற்கிற கடை. முதல் சில வருஷங்கள் பீப்பாய் உருட்டினேன், எண்ணெய் அளந்தேன், சபேதா அரைத்தேன். சபேதா என்றால் வெள்ளை ஈயம். கப்பலில் கெட்டிப் பசையாக வரும். எந்த நிறத்துக்கும் அதுதான் அடிமாவு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, முதுகு வலித்தது, அவ்வளவுதான். சாயக்கார வீட்டில் பிறந்ததால் கண் கொஞ்சம் தேறியிருந்தது. அதைக் கவனித்த செட்டியார் என்னைக் கலவை மேடைக்கு அனுப்பினார். அங்கே காதர் பாய்க்கு நான் இரண்டாவது ஆள்.

காதர் பாயை இன்று நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, பிறகுதான் மற்றதெல்லாம். ஒல்லியான மனிதர். வெள்ளைக் குல்லா, முழங்கைவரை மடித்த சட்டை, இடுப்பு பெல்ட்டில் செருகிய தட்டைக் கத்தி. பேச்சு கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி. நான் ஒருமுறை வாடிக்கைக்காரரிடம், "இது நல்ல கிளிப்பச்சை" என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேரு வைக்காதே. பேரு வெச்சிட்டா அப்பறம் கண்ணு அந்தப் பேரைத்தான் பாக்கும்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய மொத்தப் பேச்சு அதுதான். அவர் எந்த நிறத்துக்கும் பெயர் சொன்னதில்லை. சபேதா இவ்வளவு, மஞ்சக்காவி இவ்வளவு, கரி கத்தி நுனியில் என்று பொருளைத்தான் சொல்வார்.

மாதிரி வந்தால் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். துணியோ காகிதமோ, எது வந்தாலும் கொண்டுவந்தவர் எதிரிலேயே கோணல்மாணலாக வெட்டி இரண்டாக்குவார். ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். மற்றத் துண்டு எங்கள் மாதிரிப் பலகைக்குப் போகும். சாம்பல் நிறம் பூசிய பலகை அது. அதில் துண்டை வைத்து, மேலே குறுக்காக ஒரு மூங்கில் பட்டையைக் கொடுத்து ஆணி அடித்துவிடுவார். வேலை முடிகிறவரைக்கும் அந்தத் துண்டை யாரும் தொடக்கூடாது, எண்ணெய்க் கை பட்டால் நிறம் போய்விடும் என்பார். பலகை வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். கிழக்கு வெளிச்சம் காலையில் ஒன்று காட்டும், மேற்கு சாயங்காலம் வேறொன்று காட்டும், வடக்குதான் ஒரே மாதிரி இருக்கும் என்பது அவர் கணக்கு.

பிறகு கல்லில் சபேதாவை வைத்து, ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழவியால் இழைப்பார். நிறப்பொடியைக் கத்தி நுனியால் சேர்ப்பார். கொஞ்சம் எடுத்துப் பெட்டிப் பலகைச் சில்லு ஒன்றில் தடவி நிழலில் வைத்துவிடுவார். ஈரத்தில் பார்த்து முடிவு சொல்வது கிடையாது. மறுநாள் காலை வந்து, முதலில் அந்தச் சாம்பல் பலகையையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். கண் மற்றதையெல்லாம் மறக்கட்டும் என்பார். அப்புறம்தான் காய்ந்த சில்லை மாதிரிக்குப் பக்கத்தில் பிடிப்பார். சேரவில்லை என்றால் மறுபடியும் கலவை. சேர்ந்துவிட்டால் கட்டைவிரலால் சில்லை ஒருதரம் தேய்த்து, மேடையில் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்தார் என்றால் முடிந்தது என்று அர்த்தம். வாடிக்கைக்காரர் அரக்கு வைத்த துண்டோடு வருவார், எல்லார் எதிரிலும் பிரித்து, சில்லின்மேல் வைத்துப் பார்ப்போம். துண்டு சேர்க்கிறது என்று அதற்குப் பெயர். துண்டு சேர்க்காமல் மால், அதாவது சரக்கு, வெளியே போகாது. எங்கள் கடைப் பெயிண்டைக் குறை சொல்லி யாரும் படியேறியதில்லை.

ஒருமுறை ஒரு சாயபு வீட்டிலிருந்து கண்ணாடி வளையல் துண்டு ஒன்று வந்தது. அந்தப்புரத்து ஜன்னலுக்கு அந்த நிறம்தான் வேண்டுமாம். வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிறம், கீழே வைத்தால் வேறு நிறம். எதைக் கலப்பது? அந்த அம்மாவைப் போய்க் கேட்கமுடியுமா, கோஷாவில், திரைக்குள் இருப்பவர்கள். காதர் பாய் யோசித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, வளையல் துண்டை என் மணிக்கட்டின்மேல் வைத்து அழுத்தி, அந்த நிறத்தைக் கலந்தார். கலந்து முடிகிறவரை நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஜாரில் பார்த்தவனெல்லாம் எனக்கு எப்போது வளைகாப்பு என்று கேட்டுவிட்டுப் போனான். ஆனால் ஜன்னல் பிரமாதமாக அமைந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் சண்டை முடிந்து தோல் வியாபாரம் கொழித்த சமயம். ஆம்பூரில் புது வீடுகள் எழும்பின. அதில் பெரியது ஹாஜியார் வீடு. ஊரில் ஹாஜியார்கள் பலர் உண்டு, ஆனால் வெறுமனே ஹாஜியார் என்றால் அவர்தான். தோல் பதம் செய்கிற தோல்ஷாப் இரண்டு வைத்திருந்தார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் ஒரு கடையில் சரக்கு சரியில்லை என்று அவர் வாயால் வந்துவிட்டால், மறுநாள் முதல் அந்தக் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார், அதற்குள் வீடு முடியவேண்டும். அவரே கடைக்கு வந்து ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெளிர் மஞ்சளாக ஒரு தோல்துண்டு.

"எங்க அத்தா கையால பதம் பண்ண தோலு. மொதல் மொதல்ல மெட்ராசுக்குப் போன லாட்டுல ஒண்ணை எடுத்து வெச்சிருந்தாரு. பொட்டியிலயே இருந்திச்சி. வீட்டுக் கதவெல்லாம் இந்த நெறம் வரணும்" என்றார்.

காதர் பாய் தோலைக் கோணலாக வெட்டினார். ஹாஜியாரின் துண்டுக்கு அரக்கு வைத்தார். அவர் அதைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தோல் ஏலத்துக்காக மெட்ராசுக்கு ரயில் ஏறினார். எங்கள் துண்டு பலகைக்குப் போய், மூங்கில் பட்டைக்குக் கீழே உட்கார்ந்தது.

இரண்டு மூன்று காலையில் முடிந்துவிடுகிற கலவை அது. சபேதா, மஞ்சக்காவி, ஒரு துளி கரி, ஒரு துளி செங்காவி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் முடியவில்லை. தினமும் காலையில் பாய் சில்லைப் பிடித்துப் பார்ப்பார், அப்படியே நிற்பார், பிறகு சில்லைச் சுரண்டிப் போட்டுவிட்டுக் கத்தி நுனியில் செங்காவி எடுப்பார். மறுநாளும் செங்காவி. அதற்கு மறுநாளும். நான் எட்டிப் பார்க்கப்போனால் தோளால் மறைத்துக்கொள்வார். வழக்கமாகச் சில்லுகளை வரிசையாக வைத்திருப்பவர், இந்தமுறை ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நடுநடுவே பின்பக்கம் போய்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஒருநாள் திடீரென்று, வேலூரில் முன்பு கலவை வேலை செய்த ஓர் ஆளின் பெயரைச் சொல்லி, அவனுக்குக் கண் எப்படிப் போனது தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பயம் அது. சபேதாவில் வருஷக்கணக்காகக் கை வைப்பவனுக்குக் குடல் கெடும், கை துவளும், கடைசியில் கண்ணைத் தின்றுவிடும் என்பார்கள். அதைப் பற்றி நாங்கள் வெளியே பேசமாட்டோம். பாய் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ஹாஜியார் வேலை என்பதால் மனிதர் பதறுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "வேற வேலை இருந்தா பாருங்க பாய்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் அளக்கப் போய்விட்டேன்.

கடைசியில் ஒரு காலை சில்லைக் கவிழ்த்தார். கட்டைவிரலால் தேய்க்கவில்லை. அதை அப்போதே கவனித்தேன். நான் சில்லை நிமிர்த்திப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாகச் சேர்ந்திருந்தது. இவ்வளவு நன்றாகச் சேர்ந்ததற்கா இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு எரிச்சல்.

ஹாஜியார் மெட்ராசிலிருந்து இன்னும் வரவில்லை. அவருடைய துண்டு பூட்டிய பெட்டியில். நிக்காஹ் நெருங்குகிறது என்று அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளை வந்து செட்டியாரைப் பிய்த்தெடுத்தார். துண்டு சேர்க்காமல் மால் வெளியே போகக்கூடாது என்று பாய் சொன்னார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் சொன்னார். செட்டியார், "எத்தினி வருசமா பாக்கறேன் பாய், ஒங்க கைக்கு இன்னா சேக்க வேண்டியிருக்குது" என்று சிரித்துவிட்டு, டின்களை வண்டியில் ஏற்றச் சொன்னார். பாய் வண்டி போகிற வரைக்கும் வாசலில் நின்றிருந்தார்.

ஹாஜியார் ஊர் திரும்பிய மறுநாள் காலை ஆள் வந்தது. செட்டியார், பாய், நான், மூன்று பேரும் வரவேண்டுமாம். போனோம். தலைவாசல் கதவு, உள்கதவுகள், ஜன்னல்கள் எல்லாம் பூசி முடித்துக் காய்ந்து பளபளவென்று நின்றன. அழகாகத்தான் இருந்தன, நல்ல செந்தேன் நிறத்தில். உள்ளே திரைக்குப் பின்னால் பெண்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம், நாங்கள் நுழைந்ததும் நின்றுவிட்டது. ஹாஜியார் அரக்கை உடைத்து, தன் துண்டை எடுத்துக் கதவின்மேல் வைத்தார்.

 கதவு சிவப்பு, தோல் வெளிர் மஞ்சள். இதற்குக் கலவைக்காரன் கண் தேவையில்லை, தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

"செட்டியாரே, ஒங்க பாய்க்குக் கண்ணு தெரியுதா?" என்றார் ஹாஜியார். குரலை உயர்த்தவில்லை. செட்டியாருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மால் மாறிப்போயிருக்கும், பூசினவன் எதையாவது கலந்திருப்பான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். காதர் பாய் கதவுக்குக் கிட்டப் போனார். தோலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தன் பங்குத் துண்டைக் கொண்டு வரட்டுமா என்று அவர் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"மால் மாறல. பூசினவன் மேலயும் தப்பு இல்ல. என் கண்ணு போய்டுச்சி, ஹாஜியாரே. கொஞ்ச நாளாவே எனக்குத் தெரியும்" என்றார்.

 திட்டுவதற்காகக் கூப்பிட்ட ஹாஜியாருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வேலையை விட்டால் பாய்க்கு வேறு பிழைப்பு கிடையாது. மூன்று பெண் பிள்ளைகள், இரண்டு பேருக்கு இன்னும் நிக்காஹ் முடியவில்லை. கண் போன கலவைக்காரனை ஆணி எடைபோடக்கூட யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெல்ட்டிலிருந்து கத்தியை உருவி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செட்டியார் பிழைத்தோம் என்று மூச்சுவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கே இந்தத் துண்டை வைத்து முனுசாமி புதிதாகக் கலப்பான், நிக்காஹுக்குள் கதவெல்லாம் மறுபூச்சு ஆகிவிடும் என்று ஹாஜியாரிடம் வாக்குக் கொடுத்தார். இனிமேல் மேடை உன்னுடையது என்று வழியிலேயே என்னிடம் சொன்னார். மேடை கிடைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் அந்தச் சில்லை நானும் பார்த்தேனே. நானும் பிடித்துப் பார்த்துச் சுத்தமாகச் சேர்ந்திருக்கிறது என்றுதானே நினைத்தேன். அவருக்குக் கண் போயிருந்தால் எனக்கும் போய்விட்டது என்றுதான் அர்த்தம். நானும் அதே சபேதாவைத்தானே அரைக்கிறேன். வீட்டுக்குப் போய் என் மனைவியின் புடவை நிறத்தை, கலயத்தின் நிறத்தை, வாழையிலையின் நிறத்தை எல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் மாதிரிப் பலகையைக் கழற்றி மேடையில் வைத்தேன். ஹாஜியாரிடமிருந்து வாங்கி வந்திருந்த துண்டைப் பக்கத்தில் வைத்தேன். பலகையிலிருந்த எங்கள் துண்டு அவர் கதவைப் போலவே சிவந்து கிடந்தது. யாரோ துண்டை மாற்றிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். எவன் செய்தான் என்று கோபம் வந்தது. ஹாஜியாரின் துண்டை நகர்த்தி, வெட்டிய ஓரத்தோடு ஓரமாக வைத்தேன். பாய் வெட்டிய கோணல், ஒரு நெளிவு விடாமல் பொருந்தியது. ஒரே தோல். ஒரு பாதி மஞ்சள், ஒரு பாதி சிவப்பு.

ஆணியைப் பிடுங்கி மூங்கில் பட்டையைத் தூக்கினேன். பட்டைக்கு அடியில் மறைந்திருந்த இடம் மட்டும் விரல் அகலத்துக்கு வெளிர் மஞ்சளாக அப்படியே இருந்தது.

ஆவாரம்பட்டையில் பதம் செய்த தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். ஆம்பூரில் இது தெரியாதவன் யார்? தோல்ஷாப்பில் நிழலில்தான் காயவைப்பார்கள். சிவக்காமல் இருக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவார்கள். வேளாவேளைக்கு அந்த நாற்றத்தை மூச்சில் இழுத்துக்கொண்டு, தினம் அந்த வண்டிகளுக்கு வழிவிட்டு நடக்கிறவர்கள் நாங்கள். ஆனால் பலகையில் ஏறிய பிறகு எங்களுக்கு அது தோல் இல்லை, மாதிரி. துணி வந்தாலும் மாதிரி, வளையல் வந்தாலும் மாதிரி. போதாததற்கு அது ஆனி மாசம். அந்த மாசத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கிப் போவதால் எங்கள் வடக்கு வாசலில் வெயிலே நேராக வந்து விழும். நாங்களே மாதிரியை எடுத்து வெயிலில் மாட்டி வைத்துவிட்டு, அது நகரக்கூடாது என்று ஆணியும் அடித்திருக்கிறோம்.

பலகையையும் ஹாஜியாரின் துண்டையும் ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு மசூதித் தெருவுக்கு ஓடினேன். காதர் பாய் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பலகையை முன்னால் வைத்தேன். எனக்கு எதற்குக் காட்டுகிறாய், எனக்குத்தான் தெரியாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரிடம் அதுவரை குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்குக் கத்திவிட்டேன். உங்களுக்குக் கண் போய்விட்டது என்று நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள், எனக்கும் போய்விட்டதா இல்லையா என்றாவது சொல்லுங்கள் என்று கத்தினேன். அதற்கப்புறம்தான் திரும்பினார். நான் பட்டையைத் தூக்கினேன். பார்த்தார். விரலால் அந்த மஞ்சளைத் தொட்டார். எண்ணெய்க் கையால் தொடக்கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவர், மாற்றி மாற்றி மஞ்சளையும் சிவப்பையும் தடவிக்கொண்டே இருந்தார்.

செட்டியாரையும் இழுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனோம். அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். பட்டையைத் தூக்கினார், மூடினார், மறுபடி தூக்கினார். கடுக்காய் காட்டாத தோல் இது, அத்தா காலத்தில் அதெல்லாம் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று காதர் பாயின் கையைப் பிடித்தார்.

"தோல்ஷாப்புலயே பொறந்து வளந்தவன் நானு. எனக்கே தோணலியே, பாய். ஒங்களைப் போயி கேட்டுட்டேனே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கதவுகளை என்ன செய்வது என்று செட்டியார் இழுத்தார். இன்றைக்கே ஆரம்பித்தால் மறுபூச்சு முடித்துவிடலாம் என்றார். ஹாஜியார் தன் துண்டை எடுத்துக்கொண்டு போய், வெயில் விழுகிற ஜன்னல் திண்டில் வைத்தார். நேற்று பாய் கத்தியை வைத்துவிட்டுப் போன அதே இடம். "கதவு அப்படியே இருக்கட்டும். இதுவும் அங்க வந்து சேந்துடும்" என்றார். சேர்ந்தது. நிக்காஹ் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவரே கடைக்கு எடுத்துவந்து எங்கள் சில்லின்மேல் வைத்துக் காட்டினார்.

திரும்பி வரும்போது நான் பாயை விடவில்லை. தினமும் செங்காவி ஏற்றினீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். 

"சாயங்காலம் கலந்து வெச்சா சரியா இருக்கும் முனுசாமி. காலைல பாத்தா செவப்பு கம்மியா இருக்கும். ஏத்துவேன். மறுநாளு பாத்தா மறுபடி கம்மி. நேத்து பாத்த கண்ணு இன்னிக்கு இல்லியேன்னு பயந்துட்டேன்" என்றார்.

"மாதிரிதான் மாறுதுன்னு ஒங்களுக்குத் தோணலியா பாய்?"

"மாதிரி எப்படி மாறும்? நான்தான் மாறிட்டேன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோல் நாளுக்கு நாள் இம்மி இம்மியாகச் சிவந்ததை ஆம்பூரிலேயே பார்த்த ஒரே ஆள் அவர். ஹாஜியார் பார்க்கவில்லை, செட்டியார் பார்க்கவில்லை, தினம் பத்து தரம் அந்தப் பலகையைத் தாண்டிப் போன நான் பார்க்கவில்லை. அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்ணைத்தான் அந்த மனிதர் கெட்டுப்போன கண் என்று நினைத்து, தொட்டித் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பார்த்திருக்கிறார்.

மேடையில் மறுபடி அவர்தான் உட்கார்ந்தார். கத்தியை ஹாஜியாரே தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்ததாக வாணியம்பாடியிலிருந்து ஒரு நீல ஓட்டுத்துண்டு வந்தது. பாய் கலந்தார், சில்லில் தடவினார், காயவைத்தார். மறுநாள் சாம்பல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சில்லைப் பிடித்துப் பார்த்தார். நான் கல்லைத் துடைத்துக்கொண்டே, அவர் கவிழ்த்து வைப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கவிழ்க்கவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"முனுசாமி, இது சேந்துக்கிச்சா பாரு."

எடுத்துப் பார்த்தேன். சேர்ந்திருந்தது. "சேந்துக்கிச்சு பாய்" என்றேன்.

"நெஜமாவா?"

அதற்குமுன் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அதற்கப்புறம் வேலையை விடுகிறவரைக்கும், ஒவ்வொரு சில்லுக்கும் என்னிடம் கேட்டார். நானும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய், பலகையில் ஆணியைத் தளர்த்திப் பட்டைக்கு அடியில் பார்த்துவிட்டு, பிறகு சில்லைப் பார்த்துப் பதில் சொல்வேன். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் கலந்தது தப்பவில்லை.